காலிஸ்டோவின் பழைய முகம்

"மாசம் எத்தனைடி ஆச்சு?" என்று மீன்காரி கேட்டபோது, வேறு யாரையோ கேட்கிறாள் என்று நினைத்து ஹில்லே திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒரு நாயைத் தவிர யாரும் இல்லை.

"உன்னத்தான் கேக்கறேன். கால்வர் தெருவுல ரெம்மர்ஸ் கடை வாசல்ல தொங்குறியே. ஒட்டுத் துணி இல்லாம, வயிறும் வாயுமா! மொதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்பறம் உன் மூஞ்சியப் பாத்தேன், பாவமாப் போச்சு."

ஹில்லேவுக்கு இருபத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டில் இருந்துகொண்டு, ஊராருடைய தொப்பிகளுக்குக் கஞ்சி போட்டு மடிப்பு வைத்துக் கொடுப்பது பிழைப்பு. ஆம்ஸ்டர்டாம் மீன்காரிகளின் வாய் எப்படிப்பட்டது என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் இவள் கடையின் பெயரைச் சொல்கிறாள், தெருவின் பெயரைச் சொல்கிறாள். ஹில்லே மீனை வாங்காமலே கால்வர் தெருவைப் பார்த்து நடந்தாள். அந்தப் பக்கம் அவளுக்கு வேலை கிடையாது, போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

ரெம்மர்ஸ் கடையில் அச்சுப் படங்களைத் துணி காயப்போடுவதுபோல் கயிற்றில் கவ்வி மாட்டித் தொங்கவிடுவார்கள். கப்பல்கள், பாதிரியார்கள், ஒரு காண்டாமிருகம். அடுத்தது அவள்.

படத்தில் இருந்த கதை எல்லாரும் அறிந்ததுதான். வேட்டைத் தெய்வம் டயானாவின் தோழிகள், ஆண்வாடையே ஆகாது என்று சத்தியம் செய்தவர்கள். தேவராஜன் ஜூப்பிட்டர், டயானாவின் வேஷத்திலேயே வந்து, காலிஸ்டோ என்ற தோழியைக் கெடுத்துவிட்டுப் போய்விட்டார். ஒன்பதாம் மாதம் எல்லாரும் சுனையில் குளிக்க இறங்குகிறார்கள். காலிஸ்டோ மட்டும் துணியைக் களைய மாட்டேன் என்கிறாள், மற்றவர்கள் பிடித்து உருவுகிறார்கள். தப்புப் பண்ணினவர் மேகத்துக்கு மேலே சுகமாக இருக்கிறார், தண்டனை கீழே இருப்பவளுக்கு. பெரிய மனிதர்கள் இந்தப் படத்தை மாட்டிவைத்துக் கலை என்பார்கள். அதே நிலைமையில் அவர்கள் வீட்டு வேலைக்காரி நின்றால் மூட்டையைத் தூக்கித் தெருவில் எறிவார்கள்.

காலிஸ்டோவின் முகம் ஹில்லேவின் முகம். அகன்ற நெற்றி, கொஞ்சம் தடித்த கீழுதடு. தினமும் கண்ணாடியில் பார்ப்பது அப்படியே காகிதத்தில் இருந்தது, மச்சம்கூட கண்ணாடியில் தெரிகிற அதே பக்கத்துக் கன்னத்தில். படத்தின் அடியில் செதுக்கியவன் பெயர் இருந்தது: யூஸ்ட் ஹைமன்ஸ். அவளுடைய அக்கா புருஷன்.

வேறு சமயமாக இருந்தால் அழுதுவிட்டு விட்டிருப்பாள். ஆனால் மூன்று மாதமாக ஹார்லெம் நகரத்திலிருந்து வைப்ராண்ட் என்ற நூல் வியாபாரி வியாழன்தோறும் வந்துபோய்க்கொண்டிருந்தார். மனைவியை இழந்தவர், நாற்பத்தொரு வயது, பேச்சு குறைவு. மென்னோ சபைக்காரர். அந்தச் சபையில் கறுப்பு அங்கிக்குப் பித்தளைப் பொத்தான் வைப்பதே ஆடம்பரம். அவரைக் கட்டிக்கொள்ள வேண்டுமானால் ஹில்லே அவர்கள் சபையில் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். அதற்கு முன் சபை மூப்பர்கள் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். அந்த நாளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

வீட்டில் யூஸ்ட் சன்னலோரம் எண்ணெய்த்தாள் திரைக்குப் பின்னால் குனிந்து, ஒரு பேராசிரியரின் தாடியைச் செம்புத் தகட்டில் செதுக்கிக்கொண்டிருந்தான்.

"அத்தான், உளியக் கீழ வைங்க."

"தாடி பாதியில நிக்குது ஹில்லே..."

"வைங்கன்னேன்."

விஷயம் என்ன என்று அவள் வாய் திறக்குமுன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

"ஒடம்பு உன்னுது இல்ல. சத்தியமாச் சொல்றேன். ஒடம்பு இதோ அலமாரி மேல நிக்குதே, இந்தச் சுண்ணாம்புப் பொம்மை. வயிறு ஒரு பழைய இத்தாலிப் படத்துலருந்து எடுத்தது. காலு எங்க எடுத்தேன்னு எனக்கே ஞாபகமில்ல. முகம் மட்டுந்தான்..."

"முகம் மட்டுந்தானா! ஊர்ல ஆளுங்கள என்ன, காலப் பாத்தா அடையாளம் கண்டுபிடிக்கறாங்க? அந்தப் பொம்மைக்கு ஒரு மூஞ்சி இருக்குல்ல, அத வச்சிருக்க வேண்டியதுதானே?"

"அதுவா? மோர் குடிச்சுட்டு ஒக்காந்திருக்கற மாதிரி இருக்கும். அதுல ஒண்ணுமே கெடையாது." யூஸ்ட் உளியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "போன வருஷம் சொந்தக்காரங்க வந்திருந்தப்ப உங்கக்கா எல்லார் முன்னாடியும் சொன்னாளே, 'இவள இனிமே எவன் கட்டப்போறான், என் தலையெழுத்து'ன்னு. நீ பேரிக்கா சீவிக்கிட்டு இருந்த. அழல. எதுத்துப் பேசல. தலையக்கூடக் குனியல. கத்தி மட்டும் ஒரு நொடி நின்னுச்சு. அப்பறம் மறுபடி சீவுன. ராத்திரியோட ராத்திரியா அந்த முகத்த வரஞ்சு வச்சேன். காலிஸ்டோவுக்கு வேற எந்த முகமும் பொருந்தல."

அந்த வீட்டில் யாரோ அதைக் கவனித்திருக்கிறார்கள் என்பதே ஹில்லேவுக்குப் புதிய செய்தி. ஒரு கணம் கோபம் தடுமாறியது. பிறகு வைப்ராண்டின் கறுப்பு அங்கி நினைவுக்கு வந்தது.

"அழிச்சிருங்க."

"படம் வெளிய வந்து எட்டு மாசமாச்சு. ஒருத்தன் கேக்கல. அந்த மீன்காரி ஒருத்திதான். நீ பேசாம வைப்ராண்ட்கிட்டயே சொல்லிடேன்."

"என்னன்னு சொல்ல? நான் அம்மணமா கடையில தொங்கறேன், வயித்தக் கண்டுக்காதீங்கன்னா?"

சத்தம் கேட்டு அக்கா கேஸ்யே உள்ளே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "ஐயோ, வந்த ஒரு மாப்பிள்ளையும் போச்சு! யோவ், நாளைக்கே போய்த் தகட்ட வாங்கிட்டு வா. இல்ல, நாளையிலருந்து நீயே சமைச்சுக்க." யூஸ்ட்டுக்குச் சமையல் தெரியாது.

தகடு ரெம்மர்ஸ் முதலாளியின் சொத்து. கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் யூஸ்ட் போனான். முதலாளி முழுக்கக் கேட்டார், வயிறு குலுங்கச் சிரித்தார், "ஒரு பொண்ணு வாழ்க்கை இல்லியா? மாத்திடு, மாத்திடு. ரெண்டு நாள் கழிச்சு வந்து தகட்ட எடுத்துக்க" என்றார். வியாபாரி சிரித்துக்கொண்டே சம்மதித்தால் வீட்டுக்குப் போய் நம் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது. அந்த இரண்டு நாளும் அவருடைய அச்சு உருளைகள் ஓயவில்லை என்று யூஸ்ட்டுக்கு யாரும் சொல்லவில்லை.

செம்பில் ஒரு முகத்தை அழிப்பது லேசான காரியம் இல்லை. தகட்டின் முன்புறம் முகம் எங்கே இருக்கிறது என்று வளைகால் அளவுகோலால் பிடித்து, பின்புறத்தில் அந்த இடத்தைக் குறிக்க வேண்டும். தகட்டைப் பட்டடையில் கவிழ்த்துப்போட்டுப் பின்னாலிருந்து சுத்தியலால் தட்டினால், முன்பக்கம் குழிந்த கோடுகள் மேலெழும்பி வரும். அதைச் சுரண்டி, எண்ணெய் விட்டு வழவழவென்று தேய்த்தால் இடம் வெறுமையாகிவிடும். ஹில்லே பக்கத்திலேயே நின்று பார்த்தாள். யூஸ்ட் தட்டத் தட்ட நெற்றி போனது, உதடு போனது, கண்கள் கடைசியில் போயின. யூஸ்ட்டின் முகம் பல்லைப் பிடுங்கக் கொடுத்தவன்போல் ஆகிவிட்டது. அவளுக்கு மனசு லேசானது.

புது முகத்துக்குப் பொம்மையின் மோர் முகத்தையே செதுக்கி வைத்தான். பழைய தகட்டில் புது வெட்டு என்பதால், மற்றவை சாம்பல் பூத்திருக்க முகம் மட்டும் கன்னங்கரேலென்று விழுந்தது. எட்டிப் பார்க்க வந்த யாரோ ஒருத்தி தலையை மட்டும் நீட்டி மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது படம்.

"ஒப்பாரி மாதிரி இருக்கு" என்றான் யூஸ்ட்.

"எனக்கு நல்லா இருக்கு" என்றாள் ஹில்லே. அந்த வியாழக்கிழமை வைப்ராண்டுக்குப் பன்னும் வெண்ணெயும் அவளே பரிமாறினாள்.

அந்த நிம்மதிக்குச் சரியாக ஒன்பது நாள் ஆயுசு. பத்தாம் நாள் ரெம்மர்ஸ் கடை வாசலில் ஒரு பலகை ஏறியது. *காலிஸ்டோ: புது முகம், வழக்கமான விலை. பழைய முகம், சில படிகள் மட்டும், விலையை உள்ளே கேட்கவும்.*

படம் சேர்க்கும் கனவான்கள் என்று ஒரு சாதி உண்டு. ஒரு தகட்டில் ஒரே ஒரு கோடு மாறினாலும், மாறுவதற்கு முந்தைய படி கைக்கு வராமல் அவர்களுக்கு ரொட்டி தொண்டையில் இறங்காது. மூக்குப்பொடி வியாபாரி, நோட்டரி, மருத்துவர், சர்க்கரை ஆலைக்காரர் என்று வரிசையாக வந்தார்கள். பழைய முகத்தையும் புது முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உருப்பெருக்கியால் பார்த்தார்கள். அடுத்த கேள்வி தானாகவே வந்தது. இவ்வளவு நல்ல முகத்தை ஏன் அழித்தார்கள்? யாருடையது? நகரத் தலைவர் மகள் என்றார் ஒருவர். ஒயின் வியாபாரியின் மைத்துனி, குழந்தை வெளியூரில் வளர்கிறது என்றார் இன்னொருவர். கடைசியில் ஒரு சட்டக்கல்லூரி மாணவன், அடியில் இருந்த செதுக்கியவன் பெயரைப் பிடித்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடித்துவிட்டான்.

பிறகு கஞ்சி போடத் தொப்பிகள் வந்து குவிந்தன. ஒரே வாரத்தில் பதினேழு. எல்லாத் தொப்பிகளையும் ஆண்களே கொண்டுவந்தார்கள். கொடுத்துவிட்டு அவள் கன்னத்து மச்சத்தைப் பார்ப்பார்கள், பிறகு வயிற்றைப் பார்ப்பார்கள். எட்டு மாதம் கடை வாசலில் தொங்கியபோது கண்ணில் படாத பெண், அழிந்த பிறகு ஊர் முழுக்க நடமாடினாள்.

மூப்பர்கள் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு, ஹார்லெம் படகில் வந்து இறங்கினார்கள். இரண்டு பேர். பேசுகிறவர் லுபெர்ட், துணி வெளுக்கும் களம் வைத்திருப்பவர், பஞ்சுபோல் நரைத்த புருவம். மற்றவர் யெல்லே, தலையாட்டுகிறவர். பின்னாலேயே வைப்ராண்ட் வந்து சுவரோரம் நின்றார். கேஸ்யே தேநீர் வைத்தாள். யாரும் தொடவில்லை.

லுபெர்ட் அங்கிக்குள்ளிருந்து ஒரு சுருளை எடுத்துப் பிரித்தார். இரண்டு காலிஸ்டோக்கள்.

"இதுக்கு மூணு கில்டர் கேட்டான் அந்தக் கடைக்காரன்" என்று பழைய முகத்தைத் தொட்டுக் காட்டினார். "சபையோட ஏழைகள் பெட்டியில எடுக்கல, சொந்தக் காசு. தங்கச்சி, கோவிச்சுக்காத. கேள்விப்பட்டோம், கேக்க வேண்டிய கடமை. இது நீதானா?"

லுபெர்ட் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. தப்பிக்க ஒரு வழி கிடைத்தால் அதைத் திறந்துவிடுகிற மனசுதான்.

"இரு. இந்தப் பொண்ணுக்கு மச்சம் வலது கன்னத்துல. உனக்கு இடது கன்னத்துல இருக்கு." முகம் மலர்ந்தது. "அப்ப இது நீ இல்லியே! வேற யாரோ. என்ன யெல்லே, சரிதானே?"

யெல்லே வேகமாகத் தலையாட்டினார். கேஸ்யே கடவுளே என்று மூச்சை விட்டாள். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

"அச்சுல எப்பவும் வலது எடமா மாறித்தான் விழும்" என்றான் யூஸ்ட்.

அறையே அவனைப் பார்த்தது. அவனால் நிறுத்த முடியவில்லை. செதுக்குகிறவனிடம் நீ மச்சத்தை இடம் மாற்றிப் போட்டுவிட்டாய் என்று சொன்னால் எப்படித் தாங்குவான்? "தகட்டுல சரியாத்தான் வெட்டினேன் ஐயா. காகிதத்த மேல வச்சு அழுத்தும்போது திரும்பிக்கும். தொழில் தெரிஞ்ச யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. மச்சம் தப்பே கெடையாது."

"உன் வாயில கொள்ளிய வைக்க" என்றாள் கேஸ்யே மெல்ல.

லுபெர்ட் பெருமூச்சு விட்டார். "அப்ப நீதான்."

"முகம் மட்டுந்தான் ஐயா" என்றாள் ஹில்லே. யூஸ்ட் ஓடிப்போய்ச் சுண்ணாம்புப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல், தேநீர்க் கிண்ணங்களுக்கு நடுவே வைத்தான். இடுப்பைக் காட்டினான், தோளைக் காட்டினான், படத்தோடு ஒப்பிட்டுக் காட்டினான். யெல்லே சன்னல் வழியாக வாய்க்காலைப் பார்க்க ஆரம்பித்தார். லுபெர்ட் மட்டும் கடமைக்காகக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி, நம்பறேன். எடுத்து அந்தப் பக்கம் வை. ஒடம்பப் பத்தி நான் கேக்கவே இல்ல. தப்பு இல்லேன்னா, தங்கச்சி, ஏன் அழிச்சீங்க?"

"ஊரு பேசும்னு பயந்தேன்."

"எட்டு மாசம் தொங்குச்சாம். ஊரு பேசல. எங்க காதுக்கு ஒண்ணும் வரல. அழிச்ச பெறகுதானே வந்துச்சு? மறைக்க ஒண்ணுமில்லாதவங்க மறைக்க மாட்டாங்கன்னு சபையில நாலு பேரு கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

அவர் சொன்னது நியாயமாகவே இருந்தது, அதுதான் அவளை வதைத்தது. பயந்து பயந்து தன் கையாலேயே தன் வாழ்க்கைக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டோமே என்று நினைத்தாள்.

"எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு" என்றார் வைப்ராண்ட்.

சுவரோரம் நின்றவரை எல்லாரும் மறந்தே போயிருந்தார்கள். அவர் அங்கிக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார்.

"மடிச்சிருக்கீங்களே!" என்று யூஸ்ட் அலறினான்.

"மார்ச்சுல வாங்கினேன். ஆறு ஸ்டைவர் சில்லறை. நூல் கண்டுப் பெட்டிக்கு அடியில வச்சிருந்தேன்." அவர் லுபெர்ட்டைப் பார்த்துத்தான் பேசினார். "படம் வாங்கற பழக்கம் எனக்கு இல்லன்னு உங்களுக்குத் தெரியும். கடை வழியாப் போனேன், நின்னுட்டேன். எல்லாருமாச் சேந்து ஒருத்திய அவமானப்படுத்தறாங்க. அவ கெஞ்சல. யாரையும் சபிக்கல. நிமுந்து நிக்கறா. என் மனைவி செத்த வருஷம் நான் அப்படி நிக்கல, மூப்பரே, உங்களுக்கே தெரியும். இத செதுக்கின ஆளப் பாக்கணும்னு தோணிச்சு. நூல் பொட்டலத்துக்கு ஒரு சீட்டுப் போட்டுத் தரச் சொல்லலாம்னு சாக்கு வச்சுக்கிட்டு இந்த வீட்டுக் கதவத் தட்டினேன். கதவத் தெறந்தது அந்த முகம்."

ஹில்லே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை அவரிடம் சொல்லியிருந்தால் போதும், அத்தான் அன்றைக்கே சொன்னான். எதை அவமானம் என்று அவள் நினைத்தாளோ அதைப் பார்த்துத்தான் இந்த மனுஷன் வந்திருக்கிறார். அது இப்போது தகட்டில் இல்லை.

சபைச் சகோதரன் அம்மணத் தேவதையைப் பெட்டியில் ஒளித்து வைத்திருந்தான் என்றால் அது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் லுபெர்ட் வழி தேடுகிறவர்.

"சரி. ஒண்ணு சொல்றேன். எங்க ரெண்டையும் நாங்க கிழிச்சிடறோம். நீ உன்னுத இப்பவே, இந்த அடுப்புல போடு. ஞாயித்துக்கிழமை சபை முன்னாடி எந்திரிச்சு, தெரியாமப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். தங்கச்சிக்கு ஞானஸ்நானம் உண்டு, உங்களுக்குக் கல்யாணம் உண்டு. யாரும் ஒண்ணும் கேக்காதபடி நான் பாத்துக்கறேன்."

"போதுமே, இதுக்கு மேல என்ன வேணும்!" என்று கேஸ்யே அடுப்பு மூடியையே திறந்துவிட்டாள்.

வைப்ராண்ட் காகிதத்தை ஹில்லேவிடம் நீட்டினார். "உன் முகம். நீ சொல்றபடி செய்யறேன்."

அவள் மடிப்பைப் பிரித்தாள். அன்று கடை வாசலில் பதற்றத்தோடு பார்த்தது. அதற்குப் பிறகு இப்போதுதான் நிதானமாகப் பார்க்கிறாள். சுற்றிலும் கைகள், கைகள், துணியைப் பிடித்து இழுக்கிற கைகள். நடுவில் அந்த முகம். தன்னை அவளுக்குப் பிடித்திருந்தது. இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக.

"வேண்டாம்" என்றாள். "ஒரு தடவ அழிச்சாச்சு ஐயா. இன்னொரு தடவ மாட்டேன்."

"யோசிச்சுச் சொல்லு தங்கச்சி. இத வச்சுக்கிட்டா ஞானஸ்நானம் கெடையாது. வெளியாளக் கட்டினா இவனுக்குத் திருவிருந்துல அப்பம் கெடையாது."

"தெரியும்."

"பைத்தியமே! ஒரு காகிதத்துக்காகவா?" என்று கேஸ்யே தலையில் அடித்துக்கொண்டாள். ஹில்லே திரும்பவில்லை. வைப்ராண்டைப் பார்த்தாள். அவர் ஒரு நாற்காலியை இழுத்து, அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மூப்பர்கள் இருவரும் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள்.

அக்டோபரில் ஹார்லெம் நகர மண்டபத்தில் எழுத்தர் முன்னிலையில் கல்யாணம் நடந்தது. சபையிலிருந்து ஒருவரும் வரவில்லை. அதன்பிறகு மூன்று வருஷம், திருவிருந்து நாளில் அப்பம் வரிசையாகக் கைமாறி வரத் தொடங்கியதும், வைப்ராண்ட் தன் இடத்தை விட்டு எழுந்து, எல்லாரும் பார்க்க நடந்து, வெளியே படிக்கட்டுக்கு வருவார். ஹில்லே அங்கே ஏற்கனவே நின்றுகொண்டிருப்பாள்.